நிற்கும் படம் ஓடுவது எப்படி?

(வாசகர் வட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)

 

போன வாரம் நாம் பஸ் பலகைகளைப் படித்தோம். திருப்பதி, சித்தூர், பலமநேர், காளஹஸ்தி என்று எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள். இன்றைக்கும் பஸ்தான் பாடம். ஆனால் பலகையைப் படிக்கப் போவதில்லை. பஸ்ஸின் போட்டோவைப் படிக்கப் போகிறோம்.

போட்டோவைப் பார்க்கத்தானே முடியும், படிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். அதற்கும் எழுத்து மாதிரி சில அடையாளங்கள் உண்டு.

நான் பகலில் சித்தூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். இது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் படங்களைச் சரி செய்வது என் வேலை. வருகிறவர்கள் பல விதமாகக் கேட்பார்கள். முகத்தை வெளுப்பாக்கு என்பார்கள். கண் மூடியிருக்கிறது, திறந்து வை என்பார்கள். இப்போது சில வருடங்களாக இன்னொன்றும் கேட்கிறார்கள். "தங்கச்சி, பைக் சும்மா நிற்கிறது. ஓடுகிற மாதிரி ஆக்கிக் கொடு." அதை எப்படிச் செய்கிறோம்? செய்ததை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு ஊதுபத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அதைக் கொளுத்திக் கையில் பிடித்து வேகமாகச் சுற்றுங்கள். என்ன தெரியும்? நெருப்பு ஒரு புள்ளிதான். ஆனால் நமக்குச் சிவப்பு வளையல் மாதிரி ஒரு வட்டம் தெரியும். சின்ன வயதில் எல்லோரும் செய்த விளையாட்டு இது. புள்ளி ஓர் இடத்தில் இருந்ததைக் கண் மறப்பதற்குள் அது அடுத்த இடத்திற்குப் போய்விடுகிறது. அதனால் கோடாகத் தெரிகிறது.

காமிராவும் இப்படித்தான். காமிராவுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ஷட்டர் என்று அதற்குப் பெயர். படம் எடுக்கும்போது அந்தக் கதவு திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தில் எது எது நகர்கிறதோ அது கோடாக விழும். செல்போனில் கதவு கிடையாது. ஆனால் அதுவும் அதே மாதிரி கொஞ்ச நேரம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நிறுத்துகிறது.

இப்போது கணக்குப் போடலாம். நோட்டை எடுங்கள்.

ஒரு பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால் ஒரு வினாடிக்கு எத்தனை மீட்டர்? 36 கிலோமீட்டர் என்றால் 36,000 மீட்டர். ஒரு மணிக்கு 3,600 வினாடி. வகுத்துப் பாருங்கள். 10 மீட்டர் வரும். காமிராக் கதவு ஒரு வினாடியை ஆயிரமாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்தால் பஸ் எவ்வளவு நகரும்? ஒரே ஒரு சென்டிமீட்டர். படத்தில் பஸ் ஆணி அடித்த மாதிரி நிற்கும். ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால்? ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் பஸ் இழுபட்டுத் தெரியும். பலகையில் உள்ள எழுத்தைப் படிக்கவே முடியாது.

ஆக, ஓடும் பஸ்ஸும் படத்தில் நிற்கலாம். கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைப் பொறுத்தது அது. இதை மனதில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சந்திரகிரி பக்கம் ஏ. ரங்கம்பேட்டையில் சங்கராந்தி சமயத்தில் மாடு விடுவார்களே, பார்த்திருப்பீர்கள். கொம்பில் சாமி படமும் நடிகர் படமும் போட்ட பலகையைக் கட்டி விடுவார்கள். பையன்கள் அதைப் பிடுங்க ஓடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். சில படங்களில் மாட்டின் கால் அந்தரத்தில் நிற்கும். பறக்கும் புழுதியில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரியும். அது கதவைச் சட்டென்று மூடி எடுத்த படம். வேறு சில படங்களில் மாடு தெளிவாக இருக்கும், பின்னால் நிற்கும் கூட்டம் எல்லாம் கோடு கோடாக இழுத்திருக்கும். அது எப்படி? போட்டோக்காரர் காமிராவை மாட்டின் கூடவே திருப்பிக்கொண்டு எடுத்திருக்கிறார். மாடு காமிராவுக்கு முன்னால் அசையாத மாதிரி ஆகிவிடுகிறது. நின்ற கூட்டம்தான் ஓடின மாதிரி ஆகிவிடுகிறது. ரயிலில் போகும்போது மரம் ஓடுகிறதே, அதே கதை. இப்படி எடுப்பது லேசு இல்லை. பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும்.

பழைய காலத்தில் கதவு திறந்திருக்கும் நேரம் நிமிஷக் கணக்கில் இருந்தது. 1838ஆம் வருடம் பாரிஸ் நகரத்தில் லூயி டகேர் என்பவர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். வண்டியும் குதிரையும் ஜனங்களும் நடமாடும் தெரு. ஆனால் படத்தில் தெரு வெறிச்சென்று இருக்கிறது. நடமாடிய யாருமே படத்தில் விழவில்லை. ஓரத்தில் ஒரு ஆள் தெரிகிறார். அவர் காலை நீட்டி, செருப்பு மெருகு போடும் ஆளிடம் பாலிஷ் போட்டுக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றதால் அவர் படத்தில் இருக்கிறார். போட்டோவில் விழுந்த முதல் மனிதர்களில் ஒருவர் அவர். அவர் பேர் யாருக்கும் தெரியாது.

நம் தாத்தா பாட்டி காலத்துப் படங்களில் எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். "ஆடாதே, அசையாதே" என்று ஸ்டூடியோக்காரர் அதட்டுவார். அசைந்தால் முகம் கலைந்துவிடும். ஓட்டத்தைக் காட்ட வேண்டுமா? அதற்குத் திருவிழாக் கடைகளில் அட்டையில் வரைந்த விமானமும் காரும் வைத்திருப்பார்கள். அதன் பின்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால், ஆகாயத்தில் போகிற மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே நாம் நிற்கும் படத்தை ஓட வைத்திருக்கிறோம். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை. அட்டை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஓவியக்காரர்களும் ஓட்டத்தை வரைந்தார்கள். நம் காளஹஸ்தி கலம்காரித் துணியில் தேரையும் குதிரையையும் பாருங்கள். குதிரை காலைத் தூக்கியிருக்கும். அதைப் பார்த்ததும் தேர் ஓடுகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் ஓடும் குதிரையின் கால் உண்மையில் எப்படி இருக்கும்? இது ஒரு பெரிய கேள்வியாக இருந்தது. வெளிநாட்டு ஓவியக்காரர்கள், முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, குதிரை தாவுகிற மாதிரி வரைந்தார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு வேகம். அமெரிக்காவில் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் என்று ஒரு பணக்காரர். குதிரைகள் வளர்ப்பவர். அவர் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற போட்டோக்காரரிடம் இந்த வேலையைக் கொடுத்தார். 1878ஆம் வருடம் ஜூன் மாதம் மைபிரிட்ஜ் 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். ஓடும் பாதையின் குறுக்கே நூல் கட்டினார். குதிரை ஓடும்போது ஒவ்வொரு நூலாக அறுபடும். நூல் அறுபட்டதும் அந்தந்தக் காமிராவின் கதவு திறந்து மூடும். பன்னிரண்டு படம் கிடைத்தது.

படத்தில் என்ன தெரிந்தது? நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு மேலே இருக்கும் நேரம் உண்டு. ஆனால் அப்போது கால்கள் நீட்டியிருக்கவில்லை. வயிற்றுக்குக் கீழே மடங்கி ஒன்று சேர்ந்திருந்தன. அத்தனை வருடமாக வரைந்தது தப்பு! மைபிரிட்ஜ் அதோடு விடவில்லை. அடுத்த வருடம் ஒரு கருவி செய்தார். குதிரைப் படங்களைப் பார்த்து ஒரு வட்டக் கண்ணாடியின் ஓரத்தில் வரைந்து, விளக்கு வெளிச்சத்தில் சுற்றினார். திரையில் குதிரை ஓடியது.

சினிமாவும் அதுவேதான். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படம். ஒவ்வொன்றும் நிற்கும் படம். ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதை ஓட்டமாக்கிக்கொள்கின்றன. நம் நாட்டில் தாதாசாகேப் பால்கே 1913ஆம் வருடம் 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை வெளியிட்டார். அதற்கு முன்னால் பழகிப் பார்ப்பதற்காக அவர் ஒரு பட்டாணி விதையைத் தொட்டியில் போட்டு, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். ஓட்டிக் காட்டியபோது பட்டாணிச் செடி கண்ணெதிரே கிடுகிடுவென்று வளர்ந்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம்.

கம்ப்யூட்டரில் படம் என்பது புள்ளிகள். நாம் கோலத்துக்கு வைக்கிற புள்ளி மாதிரி, வரிசை வரிசையாக லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். செல்போன் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கடைசியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதுதான் புள்ளி.

இந்தப் புள்ளிகளை மாற்றும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. போட்டோஷாப் என்பது பேர் போனது. அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பிகள் செய்தது. 1990ஆம் வருடம் விற்பனைக்கு வந்தது. அதைத் திறக்கும்போது, உருவாக்கியவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் சீதாராமன் நாராயணன் என்ற நம் பக்கத்துப் பெயரும் பல வருடங்களாக வந்தது. ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தப் பெயரைப் பார்ப்பதற்காகவே போட்டோஷாப்பைத் திறந்து மூடுவேன். ஜிம்ப் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். நான் ஓய்வு நேரத்தில் பழகியது ஜிம்பில்தான்.

நிற்கும் பஸ்ஸை ஓட வைப்பது இப்படி.

காயாத ஈரக் கோலத்தின் மேல் துடைப்பத்தை ஒரே பக்கமாக இழுத்தால் என்ன ஆகும்? புள்ளி எல்லாம் கோடாகும். வெள்ளையும் காவியும் கலந்து இழுபடும். மென்பொருளிலும் அப்படி ஒரு துடைப்பம் உண்டு. 'மோஷன் பிளர்' என்று அதற்குப் பெயர். அசைவு மங்கல் என்று சொல்லலாம். அது நம்மிடம் இரண்டு கேள்வி கேட்கும். எந்தப் பக்கமாக இழுக்க? எத்தனை புள்ளி தூரம் இழுக்க? சொன்னால் இழுத்துவிடும்.

ஆனால் படம் முழுவதையும் இழுத்தால் பஸ்ஸும் கலையும், டிரைவர் முகமும் கலையும். அதனால் முதலில் பஸ்ஸை மட்டும் வெட்டித் தனி அடுக்கில் வைப்போம். அடுக்கு என்றால் என்ன? வீட்டில் கண்ணாடி போட்ட சாமி படத்தைப் பாருங்கள். கண்ணாடி மேல் குங்குமப் பொட்டு வைக்கிறோம். பார்க்கும்போது சாமி நெற்றியில் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்தால் பொட்டு போய்விடும், படம் அப்படியே இருக்கும். பொட்டு ஓர் அடுக்கு, படம் ஓர் அடுக்கு. அதே மாதிரி பஸ் மேல் அடுக்கு. பின்னால் இருக்கும் மரம், கடை, மலை எல்லாம் கீழ் அடுக்கு. கீழ் அடுக்கை மட்டும் இழுத்தால், மாடு படத்தில் கூட்டம் இழுபட்ட மாதிரி ஆகிவிடும். பஸ் சீறிக்கொண்டு போகும்!

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கீழ் அடுக்கிலும் பஸ்ஸின் படம் இருக்கிறதல்லவா? இழுக்கும்போது பஸ்ஸின் பச்சையும் சிவப்பும் மரத்தின் மேல் ஈஷிக்கொள்ளும். பஸ்ஸைச் சுற்றிப் பேய் மாதிரி ஒரு நிறப் புகை தெரியும். நல்ல வேலைக்காரர், கீழ் அடுக்கில் இருக்கும் பஸ்ஸை முதலில் அழித்து, அந்த இடத்தில் மரத்தையும் ரோட்டையும் நிரப்புவார். அதற்குப் பிறகுதான் இழுப்பார். அவசர வேலைக்காரர் அதைச் செய்ய மாட்டார். மாட்டிக்கொள்வார்.

அடுத்தது சக்கரம். ஓடும் வண்டியில் சக்கரம் சுழல வேண்டும். அதற்கு நேர்க்கோட்டு இழுப்பு உதவாது. வட்டமாக இழுக்க வேண்டும். திருகையில் மாவு அரைக்கும்போது மாவு வட்டமாகச் சிதறுகிறதே, அந்த மாதிரி. சக்கரத்தை வட்டமாக வெட்டி, சரியாக நடுவில் புள்ளி வைத்து, சுழல விட வேண்டும். நடு தப்பினால் சக்கரம் நொண்டும்.

நிழலையும் மறக்கக் கூடாது. வண்டி ஓடினால் நிழலும் கூடவே ஓடும். வண்டி தெளிவாக இருந்தால் நிழலும் தெளிவாக இருக்க வேண்டும். பல பேர் நிழலை ரோட்டோடு சேர்த்து இழுத்துவிடுவார்கள்.

இந்த வேலையில் என் கருத்து ஒன்றைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஓட வைக்கக் கூடாது. பிரம்மோற்சவத்துத் தேர்ப் படத்தை ஒருவர் கொண்டு வந்தார். வேகமாக வருகிற மாதிரி செய்யச் சொன்னார். தேர் வேகமாகவா வரும்? ஆயிரம் கை வடம் பிடித்து அசைந்து அசைந்து வருவதுதானே அதன் அழகு! அவர் கேட்ட மாதிரி செய்து கொடுத்தேன். ரேஸ் கார் மாதிரி இருந்தது. அவரே பார்த்துவிட்டு, பழைய படத்தையே பிரிண்ட் போடச் சொன்னார்.

இனி ஒரு கல்யாணக் கதை. பேர், ஊர் வேண்டாம்.

ஒரு பையன். நல்ல பையன். பால் சொசைட்டியில் வேலை. புது பைக்கை வீட்டு வாசலில் நிறுத்தி, மேலே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டான். ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து ஓடுகிற மாதிரி செய்து வாங்கினான். சக்கரம் சுழல்கிறது. பின்னால் எல்லாம் கோடாகப் பறக்கிறது. ஹெல்மெட் கிடையாது. போனில் தன் படமாக அதை வைத்துக்கொண்டான். அந்தச் சமயம் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். எல்லாம் பிடித்துவிட்டது. பெண்ணின் அம்மா மட்டும் போனில் அந்தப் படத்தைப் பார்த்தார். அவர் தம்பி பைக் விபத்தில் போனவர். "இப்படிப் பறக்கிறவனுக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பையன் வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள். அது பொய்ப் படம், வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது என்றார்கள். யார் நம்புவார்கள்? மாட்டிக்கொண்டதும் பொய் என்கிறார்கள் என்று பேச்சு வந்தது.

அந்தப் பெண்ணின் பாட்டி நம் மையத்தில் படிக்கிறார். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்லலாம் என்று அவ்வா அனுமதி கொடுத்திருக்கிறார். அவர் பேத்தியின் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டி, ஓடுற வண்டிக்கு எதுக்கு ஸ்டாண்டு?"

சக்கரத்தைச் சுழற்றியவர் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை! பக்கத்து ஸ்டாண்டு கீழே ஊன்றியபடி இருந்தது. அவ்வா இன்னொன்றும் காட்டினார். பையனின் சட்டை அசையவில்லை. தலைமயிர் எண்ணெய் போட்டுப் படிய வாரியது வாரியபடி இருந்தது. அந்த வேகத்தில் காற்று அடித்தால் சட்டை பலூன் மாதிரி உப்பாதா? பெண்ணின் அம்மாவுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. கல்யாணம் நடந்தது. பையன் இப்போது ஹெல்மெட்டோடு ஒரு படம் வைத்திருக்கிறான். அதிலும் வண்டி நிற்கத்தான் செய்கிறது.

இதுவரை சொன்னது, ஓடுகிற மாதிரி தெரியும் படம். உண்மையில் அந்தப் படம் அசையாது. இப்போது செல்போனில் படத்தையே அசைய வைக்கிறார்கள்.

தலக்கோனா அருவியை ஒரே ஒரு போட்டோ எடுங்கள். செல்போனில் அதற்கென்று செயலி இருக்கிறது. தண்ணீர் விழும் பக்கமாக விரலால் அம்புக்குறி போட வேண்டும். பாறையும் மரமும் அசையக் கூடாது என்று அவற்றைச் சுற்றிப் புள்ளி வைத்துக் கட்டிவிட வேண்டும். உடனே தண்ணீர் விழ ஆரம்பிக்கும்! என்ன நடக்கிறது? தண்ணீர் இருக்கும் புள்ளிகளை மென்பொருள் அம்பு காட்டும் பக்கம் கொஞ்ச தூரம் நகர்த்துகிறது. பிறகு அது மெல்ல மறைய, பழைய படம் மெல்லத் தோன்றுகிறது. மறுபடி நகர்த்துகிறது. இரண்டு மூன்று வினாடிக்கு ஒருமுறை அதே அசைவு திரும்பத் திரும்ப வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பண்டிகை வாழ்த்துக்கு நானே செய்திருக்கிறேன்.

ஆனால் 2021ஆம் வருடம் நவம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். திருப்பதியில் கொட்டிய மழை உங்களுக்கு மறந்திருக்காது. கபில தீர்த்தத்தில் தண்ணீர் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. தெருவெல்லாம் ஆறாக ஓடியது. மழை விட்ட பிறகு ராயலசெருவு ஏரிக் கரையில் கசிவு கண்டது. விஜயநகர காலத்து ஏரி அது. கரை உடைந்தால் கீழே இருக்கிற ஊர்கள் என்ன ஆகும்? அதிகாரிகள் ஜனங்களை மேட்டுக்கும் பத்திரமான இடங்களுக்கும் போகச் சொன்னார்கள். கைக்குழந்தையோடும் மாட்டோடும் ஜனங்கள் கிளம்பினார்கள். அந்த ராத்திரியில் எல்லோர் கண்ணும் செல்போனில்தான் இருந்தது.

அந்த மாதிரி நேரத்தில் யாராவது விளையாட்டாக, ஏரிக் கரையின் பழைய போட்டோ ஒன்றை எடுத்து, தண்ணீர் பாய்கிற மாதிரி செய்து அனுப்பினால்? இருட்டில் ஜனங்கள் விழுந்தடித்து ஓடுவார்கள். கிழவர்களை மிதித்துக்கொண்டு ஓடுவார்கள். இல்லையென்றால் இதற்கு நேர்மாறாக நடக்கும். நிஜமாகவே கரை உடைந்த படம் வரும்போது, "இதுவும் பொய்ப் படம்தான்" என்று படுத்துத் தூங்குவார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

அதனால் வெள்ளப் படம் வந்தால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தண்ணீர் ஓடுகிறது, ஓரத்துப் புல் ஆடுகிறதா? மிதந்து வரும் குச்சி ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அது போய்ச் சேர்கிறதா, அல்லது புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறதா? பாறையின் ஓரம் ரப்பர் மாதிரி நீள்கிறதா? சத்தம் தண்ணீர்ச் சத்தமா, சினிமாப் பாட்டா? படத்தில் கடைப் பலகையோ பஸ் பலகையோ இருந்தால் அதைப் படியுங்கள். எந்த ஊர் என்று தெரிந்துவிடும். செயற்கை அறிவு என்று சொல்கிறார்களே, ஏ.ஐ., அது செய்யும் படங்களில் பல தடவை பலகை எழுத்து உருகி, தமிழும் இல்லாமல் தெலுங்கும் இல்லாமல் கிறுக்கலாக இருக்கும். எழுத்துத் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே படும். ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த மென்பொருள்கள் மாதத்துக்கு மாதம் கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொள்கின்றன. புல், குச்சி எல்லாம் சரியாகவே இருக்கலாம். கடைசியில் வி.ஆர்.ஓ.வுக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் கெட்டி. ஆபத்து என்றால் 112.

பெண் பிள்ளைகளின் படத்தை எடுத்து, அசிங்கமாக அசைய வைத்து மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளையை அடிக்காதீர்கள். அவள் எதுவும் செய்யவில்லை, செய்தது மென்பொருள். வந்த படத்தையும் நம்பரையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930க்குப் போன் செய்யுங்கள். போலீசிலும் புகார் எழுதிக் கொடுங்கள். எழுத உங்களுக்குத் தெரியும் இப்போது.

போன மாதம் இங்கே ஒரு அக்கா என்னிடம் தனியாக ஒன்று கேட்டார். அவர் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. அட்டையில் இருந்த சின்னப் படம். "அது சிரிக்கிற மாதிரி செய்ய முடியுமாமே, தங்கச்சி?" என்று கேட்டார். முடியும். 2021ஆம் வருடம் பிப்ரவரியில் மைஹெரிடேஜ் என்ற வெளிநாட்டுக் கம்பெனி இதைக் கொண்டு வந்தது. இறந்துபோன தாத்தா பாட்டி படத்தைப் போட்டால், கண் சிமிட்டும், தலை திருப்பும், புன்னகை செய்யும். உலகம் முழுக்க ஜனங்கள் போட்டுப் பார்த்து அழுதார்கள். இப்போது அந்த மாதிரி நிறைய வந்துவிட்டது.

ஆனால் அந்த அசைவு எங்கிருந்து வருகிறது என்று அக்காவுக்குச் சொன்னேன். வேறு யாரோ ஒருவர் காமிரா முன் உட்கார்ந்து தலையை ஆட்டி, கண் சிமிட்டிக் காட்டியிருப்பார். அந்த அசைவை எடுத்து இந்த முகத்தின் மேல் போர்த்துகிறார்கள். முகம் உங்கள் வீட்டுக்காரருடையது. தலையாட்டியது வேறு ஆள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "அவரு போட்டோவுக்குச் சிரிக்கவே மாட்டாரு. சிரிச்சா அது யாரோ. வேணாம்."

அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, கோடு கீறலை மட்டும் எடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்தேன். வேறு ஒருவர் கேட்டிருந்தால் அசைய வைத்தும் கொடுத்திருப்பேன். அழுது முடித்தால் சிலருக்கு மனம் ஆறுகிறது. அது அவரவர் பாடு.

நேரமாகிவிட்டது. ஐந்தரை மணி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கிளம்பலாம். போவதற்கு முன் வீட்டு வேலை ஒன்று. உங்கள் நோட்டில் கடைசி இருபது பக்கம் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில், ஒரே இடத்தில், ஒரு பந்து வரையுங்கள். அடுத்த பக்கத்தில் அதைக் கொஞ்சம் மேலே வரையுங்கள். பத்துப் பக்கம் மேலே போகட்டும், பத்துப் பக்கம் கீழே வரட்டும். பிறகு கட்டைவிரலால் பக்கங்களைச் சர்ரென்று விடுங்கள். பந்து துள்ளும். பந்து வேண்டாம் என்றால் ஆட்டுக்குட்டி வரையுங்கள். அடுத்த புதன்கிழமை எல்லோரும் கொண்டு வாருங்கள். யார் ஆட்டுக்குட்டி நன்றாகத் துள்ளுகிறது என்று பார்ப்போம்.